பூனைப் படம் போட்ட நோட்டீஸ்

பம்பாய்த் தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் குழாய்ச் சந்து என்று ஒரு சந்து. அதில் நாற்பத்தேழாம் நம்பர் ரூமில் இருபத்தாறு வருஷமாகக் குடியிருக்கும் பூலோகத்துக்கு, ஒரு நாள் வாரியத்திலிருந்து பூனைப் படம் ஒன்று வந்து சேர்ந்தது.

எந்த வாரியம் என்று கேட்காதீர்கள். பழைய குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிற வாரியம். அதில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பதும் அதுவே. நாலு தடவை பெயர் மாற்றிவிட்டார்கள். இப்போதைய பெயர் நீளம் தாங்காமல் போர்டைத் தாண்டிச் சுவரில் போய் முடிகிறது. சந்துக்காரர்கள் வெறுமனே ‘வாரியம்’ என்பார்கள். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள்.

படத்தில் அந்தப் பூனை சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே, ‘ரூம் நம்பர் 47: நமக்கு வீடு கெடைக்குமா?’ என்று எழுதியிருந்தது. கீழே, ‘வாரியம்: ப்ரோ, தரமான சம்பவம் இருக்கு. வேற லெவல்!’ பக்கத்தில் மூன்று தீக்கொழுந்துகள். அதற்கும் கீழே செயலாளரின் கையெழுத்து, வட்ட முத்திரை, தேதி, கோப்பு எண்.

அடியில் பொடி எழுத்தில் நாலு வரி. வீடு பெறத் தகுதி உள்ளவர்கள் படிவம் ‘அ’ கொடுக்க வேண்டும். தகுதி இல்லாதவர்கள் மேல்முறையீட்டுக்குப் படிவம் ‘ஆ’ கொடுக்க வேண்டும். முப்பது நாள் கெடு. படிவத்தை மாற்றிக் கொடுத்தால் கோரிக்கை நிரந்தரமாக ரத்து. நோட்டீஸில் பூலோகத்துக்குப் புரிந்தது இந்த நாலு வரிதான். பயமுறுத்தியதும் இந்த நாலு வரிதான்.

பூலோகம் பை தைக்கிற ஒர்க்‌ஷாப்பில் ஜிப் வைக்கிறவர். ஊரில் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்ததால் தமிழ் எழுத்துகள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் படத்தில் அந்த எழுத்துகள் ஒன்று சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது விளங்கவில்லை. மகள் விஜயராணிக்கு நேர் எதிர். செம்பூரில் ஒரு மாலில் பில் போடுகிற பெண். மீம் அத்தனையும் அத்துப்படி. ஆனால் இந்தி மீடியத்தில் படித்தவள் என்பதால் தமிழில் தன் பெயரைத் தாண்டிப் படிக்க வராது. ஆக, அந்த ஒரு பக்க நோட்டீஸைப் படிக்க அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார வேண்டியதாயிற்று.

“த-ர-மா-ன சம்-ப-வம் இ-ருக்-கு,” என்று பூலோகம் வகுப்பில் எழுந்து நின்று படிப்பது போலப் படித்தார்.

“அப்பா, இப்படிப் படிச்சா எனக்கு எப்படித் தெரியும்? டோன் வேணும்ப்பா. சீரியஸா சொல்றாங்களா, கலாய்க்கிறாங்களான்னு டோன்லதான் தெரியும்.”

“தீயெல்லாம் போட்டுருக்கானுவளே,” என்றாள் பூலோகத்தின் மனைவி கோமதியம்மாள், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து. “சந்துக்குத் தீய வைக்கப் போறானுவளோ?”

“அரே அம்மா, ஃபயர்னா நல்லதும்மா. மஸ்த்னு அர்த்தம்.”

“வீட்டப் பத்தி எழுதுத எடத்துல தீயப் போட்டா, அது நல்லதாட்டி? ஒனக்குக் கூறு இருக்கா?”

விஜயராணி அப்பாவை மறுபடி படிக்கச் சொன்னாள், இந்த முறை சந்தோஷமாக. பூலோகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பேரன் பிறந்த சேதி சொல்கிற மாதிரி முகமெல்லாம் மலரப் படித்தார். “ஹான், இது எலிஜிபிள்,” என்றாள் மகள். “இப்பக் கிண்டலாப் படிங்க.” உதட்டைச் சுழித்துக்கொண்டு படித்தார். “இது நாட் எலிஜிபிள்.” வீடு உண்டா இல்லையா என்பது தன் வாய்ச் சுழிப்பில் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். நோட்டீஸை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

வாரியம் இப்படி எழுத ஆரம்பித்ததற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் அதன் தமிழ் நோட்டீஸ், ‘மேற்படி குடியிருப்பானது தகுதிநிலை நிர்ணயத்துக்கு உட்படுத்தப்பட்டுள்ளமையின் பொருட்டு, உரித்தாளர் தம் உரித்தினை மெய்ப்பிக்கக் கடவர்’ என்று வரும். யாருக்கும் புரியாது. புரியவில்லை என்று சனங்கள் ஆபீஸ் வாசலில் கூடினார்கள். வாரியம் உடனடியாக ஆய்வு ஒன்று நடத்தியது. சனங்கள் தினமும் நாலரை மணி நேரம் போனில் மீம் பார்ப்பதாக ஆய்வு சொன்னது. ஆகவே மக்களின் மொழி மீம்தான் என்று தீர்மானம் நிறைவேறியது. ‘உங்களுக்கு வீடு உண்டு, அல்லது இல்லை என்று எழுதினால் போதாதா?’ என்று கூட்டத்தில் ஒரு இளம் இன்ஜினியர் கேட்டாராம். அவரை மறு வாரமே கழிவுநீர்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

மக்கள் மொழிப் பிரிவுக்குத் தலைவராக மாட்டுங்காவைச் சேர்ந்த அனந்தநாராயணன் நியமிக்கப்பட்டார். வயது அறுபத்தெட்டு. ஒரு பெரிய கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் மொழிபெயர்ப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ‘மெய்ப்பிக்கக் கடவர்’ நோட்டீஸ்களை எழுதியவரும் அவரே. புரியாமல் எழுதுவதில் அவருக்கு இருந்த அனுபவத்தை வாரியம் இழக்க விரும்பவில்லை.

இது நோட்டீஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சந்தில் இருநூற்றுப் பதினாலு வீட்டுக்கும் ஆளுக்கொரு படம் வந்துவிட்டதால், பேச்சே மாறிப் போயிற்று. எந்த விஷயத்துக்கும் உண்டு, இல்லை என்று சொல்ல ஆட்களுக்கு நாக்கு கூசியது. அப்படிச் சொன்னால் வாரியத்தின் காதில் விழுந்து நம் வீட்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். இட்லி இருக்கா என்று கேட்டால் கடைக்காரர் “வெயிட் அண்ட் வாட்ச்” என்றார். எட்டாம் நம்பர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டதற்குப் பெண்ணின் அப்பா “வேற லெவல்” என்றார். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, சம்பந்தம் முடிந்ததா முறிந்ததா என்று தெரியாமலே சீத்தா கேம்பில் இருக்கும் தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். முனையில் ஒரு பெரியவர் தவறிப்போன அன்று, அவர் மூத்த மகனே வாசலில் நின்று, “லெஜண்ட் ஒண்ணு லாக் அவுட் ஆயிட்டு” என்று சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதான். கோமதியம்மாள்கூட ஒரு நாள் குழம்பு தீய்ந்து போனதற்குத் தரமான சம்பவம் என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டு ஜெயினுலாப்தீன்தான் பூலோகம் வேலை பார்க்கிற ஒர்க்‌ஷாப்பின் முதலாளி. ராமநாதபுரத்துப் பக்கம். அவருக்கு வந்த படத்தில் ஒரு ஆடு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது. “அண்ணாச்சி, ஆடுன்னா வெட்டப் போறாங்கன்னு அர்த்தமா, கண்ணாடின்னா கெத்துன்னு அர்த்தமா?” என்று நாளுக்கு நாலு தடவை பூலோகத்திடம் கேட்டார். மிஷினில் நூல் அறுவது கூட அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அவரே, “நீங்க ஒரு நாள் லீவு போட்டுட்டு ஆபீஸுக்குப் போய்க் கேட்டுட்டு வந்துருங்க. எனக்கும் சேத்துக் கேளுங்க,” என்றார்.

வாரிய ஆபீஸ் செம்பூரில் நாலாவது மாடியில் இருந்தது. மூன்றாம் கவுன்டரில் மாலதி என்று பெயர் போட்ட பெண் உட்கார்ந்திருந்தாள். பார்த்தால் நம்ம பிள்ளை மாதிரி இருக்கிறாளே என்று பூலோகத்துக்கு ஒரு தைரியம் வந்தது.

“எம்மா, எனக்கு வீடு உண்டா, இல்லியா? அத மட்டும் சொல்லிரு. நான் போயிருதேன்.”

“அங்கிள், அப்படி டைரக்ட்டா நாங்க சொல்லக் கூடாது. சர்க்குலர் வந்திருக்கு. ‘உண்டு, இல்லை’ன்னு சொன்னா மெமோ.” மாலதி மேஜை டிராயரைத் திறந்தாள். உள்ளே குச்சியில் ஒட்டிய அட்டை முகங்கள், மொத்தம் பதினெட்டு. அதில் மோவாயில் விரல் வைத்திருந்த மஞ்சள் முகம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

“இது என்ன தாயி?”

“யோசிக்கிற மூஞ்சி அங்கிள்.”

“யாரு யோசிக்கா?”

மாலதி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “யாரும் இல்ல அங்கிள். அட்டைதான்,” என்றாள். பிறகு பாவப்பட்டு, “ஒன்பதாம் ரூமுக்குப் போங்க. அங்கதான் விளக்கம் கொடுப்பாங்க,” என்று வழி காட்டினாள்.

ஒன்பதாம் ரூமில் ஏழு பேர் ஏழு மேஜைகளில் உட்கார்ந்து மீம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பூலோகத்தின் கோப்பைக் கொண்டுவரச் சொல்லி, அனந்தநாராயணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு புரட்டினார். முதல் மேஜை: ‘நகைச்சுவை போதுமானதாகத் தெரிகிறது. மேல் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது.’ மூன்றாம் மேஜை: ‘சிரித்துப் பார்க்கப்பட்டது. சரி.’ ஐந்தாம் மேஜை சட்டப் பிரிவு: ‘பூனைக்கு மீசை இருப்பதால் ஆண் எனக் கருதப்பட வாய்ப்புண்டு. மகளிர் பெயரிலுள்ள குடியிருப்புகளுக்கு வேறு பிராணி பரிசீலிக்கப்படலாம்.’

“பாருங்கோ,” என்றார் அனந்தநாராயணன், கோப்பை மூடாமலே. “இந்தப் பூனை போன ஐப்பசியிலே அமோகமா ஓடிண்டிருந்தது. லோகமே அதைப் பார்த்துச் சிரிச்சுது. ஏழு டெஸ்க் தாண்டி வர்றதுக்கு அஞ்சு மாசம் ஆயிடுத்து. இப்போ இந்தப் பூனையை எந்தக் கொழந்தையும் சீந்தறதில்லே. காலாவதியான மீமுக்கு அர்த்தம் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது.”

“அப்பம் புது நோட்டீஸ் தருவியளா சாமி?”

“பேஷா. விண்ணப்பம் கொடுத்தா புதுசு தயாராகும். அதுவும் ஏழு டெஸ்க் போகணும்.”

“எனக்கு இன்னும் இருவத்திரெண்டு நாள்தான கெடு இருக்கு?”

“கெடு பழைய பூனையிலேர்ந்து கணக்கு. அதுல நான் தலையிட முடியாது.” அனந்தநாராயணன் நாற்காலியில் சாய்ந்தார். முப்பத்தொரு வருஷம் யாரும் கேட்காத பேச்சையெல்லாம் சேர்த்து வைத்திருந்தவருக்கு, எதிரே நகர முடியாத ஒரு ஆள் கிடைத்துவிட்டார். “நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும், பூலோகம். முன்னெல்லாம் நாங்க எழுதினது உங்களுக்குப் புரியாது, அதுக்கு எங்களைத் திட்டினேள். இப்போ உங்க பாஷையிலேயே எழுதறோம். இதுவும் புரியலேன்னா தப்பு எங்க மேலே இல்லே பாருங்கோ. வாரியத்துக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமோ? புகார் அறுபது சதவீதம் கொறஞ்சிருக்கு. என்ன புகார் பண்றதுன்னே ஜனங்களுக்குத் தெரியலே. இதைத்தான் மக்களோடு நெருங்கி வர்றதுன்னு சேர்மன் சொல்றார்.”

பிறகு அவர் கோப்பின் கடைசிப் பக்கத்துக்கு வந்து, புருவத்தைச் சுருக்கினார். “உங்க சிரிப்பு ஒப்புகை இதுல இல்லையே?”

அது என்னவென்று பூலோகம் கேட்டார். நோட்டீஸ் ஒருவருக்குக் கிடைத்தது என்பதற்கு முன்பு கையெழுத்து வாங்கினார்கள். ஆனால் புரியாமலே கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதால் அதை ஒழித்துவிட்டார்கள். மீமுக்கு ஒருவர் சிரித்தால்தான் அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். தபால்காரர் முன்னால் சிரிக்கத் தவறியவர்கள், வரும் சனிக்கிழமை மாட்டுங்காவில் நடக்கும் சிரிப்பு முகாமுக்கு வந்து சிரித்துவிட்டுப் போக வேண்டும். சிரிக்காதவர்களின் கோப்பு மேலே நகராது.

சனிக்கிழமை காலையில் மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை முக்கால் மணி நேரம். மேடையில் மூன்று நடுவர்கள் சிரிப்பை எடை போட உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட, அவரவர் படத்தைப் பெரிய திரையில் காட்ட, ஆட்கள் மைக் முன்னால் நின்று சிரித்தார்கள். வீடு போய்விடுமோ என்ற பயத்தில் சிரிக்கிற சிரிப்பு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் மாட்டுங்கா பார்த்தது. ஜெயினுலாப்தீன் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தண்ணீர் நிஜம்தான். நடுவர்கள் பத்துக்கு எட்டு போட்டு, ‘ஒப்புகை பெறப்பட்டது’ என்று முத்திரை வைத்தார்கள்.

“நாற்பத்தேழு, பூலோகம்!”

அவர் மேடை ஏறினார். திரையில் பூனை சுவர் அளவுக்கு வந்து நின்றது. பூலோகம் வாயைத் திறந்தார். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டது. அதற்கு மேல் போகவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அந்த ரூமில் நடந்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து அவருக்கு ஞாபகம் வந்தது. விஜயராணி தவழ்ந்த தரை, மழைத் தண்ணீர் முட்டளவு புகுந்த வருஷம் பரணில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்த இரண்டு நாள், கூரைக்குத் தகரம் மாற்றக் கோமதி கழற்றிக் கொடுத்த கம்மல். சிரிப்பு வராமல், அழுகையும் வராமல், புருவம் ஒன்று மேலேயும் மற்றது கீழேயுமாக, பாதித் திறந்த வாயோடு முகம் அப்படியே நின்றுவிட்டது.

“சிரிங்கோ பூலோகம்,” என்றார் அனந்தநாராயணன் மைக்கில், அன்பாகவே. “எல்லாரும் வெயிட் பண்றா.”

“ஐயா,” என்றார் பூலோகம், அந்த முகத்தை மாற்றாமலே. “எனக்கு வீடு உண்டா, இல்லியா?”

மண்டபம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. இந்த முறை நிஜச் சிரிப்பு. நூறு போன்கள் எழும்பின. நடுவர்கள் அவருக்குப் பூஜ்யம் போட்டார்கள்.

இரண்டே நாளில் பூலோகத்தின் முகம் பம்பாய் முழுக்கப் பரவியது. ‘மேனேஜரிடம் லீவு கேட்டபோது நான்’ என்று கீழே எழுதி அனுப்பினார்கள். ‘மாமியார் வீட்டில் இரண்டாம் தடவை குழம்பு கேட்டபோது நான்.’ அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ்ஸில் விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். குர்லாவில் ரயில் ஏறிய ஒருவர் எதிர் சீட்டில் இருந்த பூலோகத்தையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பாய்சாப், ஒரு தடவ அந்த மூஞ்சி வெச்சுக் காட்டுங்களேன்,” என்று கேட்டார். வைத்துக் காட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மால் கவுன்டரில் கூட வேலை பார்க்கிற பெண்கள் படத்தைக் காட்டிச் சிரித்தபோது, விஜயராணியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஸ்டோர் ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள். எங்க அப்பா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வாரியம் இதைக் கவனித்தது. கவனித்த வேகம் வாரியத்தின் சரித்திரத்திலேயே இல்லாதது. மறு வாரமே பழைய நோட்டீஸ்கள் அனைத்தும் ரத்து, கெடு நிறுத்திவைப்பு, புது நோட்டீஸ் வரும் என்று அறிவித்தார்கள். பூலோகத்துக்கு ஓர் ஒப்பந்தம் வந்தது. அதைப் படித்து அவர் அசந்து போனார். ‘இந்தப் படத்தில் உள்ள உங்கள் முகம் இனி வாரியத்துக்கு மட்டுமே சொந்தம். வாரியத்தின் அனுமதி இல்லாமல் நீங்கள் உட்பட யாரும் இதை எங்கும் பயன்படுத்தக் கூடாது. சம்மதம் என்றால் இங்கே கையெழுத்திடுங்கள்.’ பச்சைப்பிள்ளைக்குக்கூடப் புரிகிற தமிழ். டோன் வேண்டியதில்லை, மகள் வேண்டியதில்லை. இத்தனை தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டிடத்தில் இத்தனை நாளாக எங்கே இருந்தார்கள் என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

“கையெழுத்துப் போடாதியும்,” என்றாள் கோமதியம்மாள். “மூஞ்சிய எழுதிக் குடுக்கச் சொல்லுதானுவ. நாளைக்கு மூக்கையும் கேப்பானுவ.”

“இங்கேரு, அவனுவளுக்கு நம்ம தயவு வேணும்னு வந்துருக்கானுவ. இப்பப் போயி மொறச்சிக்கிட்டா வீடு போயிரும்ளா. போட்டுக் குடுத்தா மொகத் தாச்சண்யத்துக்காவது நம்மளக் கழிச்சுக் கட்ட மாட்டானுவ.”

போட்டுக் கொடுத்தார். அதே மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அனந்தநாராயணன் பேசும்போது நெகிழ்ந்து போனார். “என் வாழ்நாளிலே நான் எழுதின ஒரு வாக்கியமும் ஜனங்களுக்கு ஒடனே புரிஞ்சதில்லே. இவரோட மொகம் ஒரு நொடியிலே புரியறது. கேட்டுண்டே நிப்பா, கிடைக்காது! இதைவிடச் சுருக்கமா வாரியத்தோட கொள்கையை யாராலும் சொல்ல முடியாது.” கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. பூலோகமும் தட்டினார்.

புது நோட்டீஸ்கள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தது ஜெயினுலாப்தீன் வீட்டுக்கு. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பூலோகத்தின் வாசலில் வந்து நின்றார். “அண்ணாச்சி, ஒங்க மூஞ்சி எங்க வீட்டுக்கு வந்துருச்சு,” என்றார். அன்று ஒர்க்‌ஷாப் திறக்கவில்லை.

தகுதி இல்லாதவர்களுக்கெல்லாம் பூலோகம் போனார். தகுதி உள்ளவர்களுக்கு ஏதோ ஒரு யானைக்குட்டி போயிற்று. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. குழாய்ச் சந்தில் மட்டும் எண்பத்தொன்பது வீட்டில் அவர் முகம் நுழைந்தது. வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அவர் எதிரே வந்தால் திரும்பிப் போய்ச் செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார்கள். தண்ணீர்க் குழாயில் கோமதியம்மாளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை, சிரிக்க வராமல் நின்றதைத் தவிர. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

“நமக்கு யானைக்குட்டிதான் வரும்,” என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார் பூலோகம். “எம் மூஞ்சிய எனக்கே அனுப்பவா போறானுவ?”

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாற்பத்தேழாம் நம்பருக்கும் வந்தது. கவரைப் பிரித்தார். அவரே உள்ளேயிருந்து அவரைப் பார்த்தார், ஒரு புருவம் மேலே, ஒரு புருவம் கீழே. விஜயராணி வேலையில் இருந்தாள். அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. வாரியத்திலிருந்து வந்த நோட்டீஸ்களில், துணையில்லாமல் அவருக்கு ஒரே பார்வையில் புரிந்தது அது ஒன்றுதான். கோமதியம்மாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

இந்த முறை கெடு பதினைந்து நாள். எந்தப் படிவம் என்பதில் சந்தேகம் இல்லை. மறு நாளே புருஷனும் பெண்டாட்டியுமாகப் படிவம் ‘ஆ’வைப் பூர்த்தி செய்து எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனார்கள். ரேஷன் கார்டு, கரண்ட் பில், பழைய சர்வே சீட்டு எல்லாம் பிளாஸ்டிக் பையில் வரிசையாக இருந்தன.

மூன்றாம் கவுன்டரில் மாலதி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மனுதாரர் புகைப்படம் என்று போட்ட கட்டத்துக்கு வந்ததும் அவள் கை நின்றது.

“அங்கிள், இந்தப் படத்த ஒட்ட முடியாது.”

“ஏன் தாயி? நேத்து சாயங்காலந்தான் ஸ்டுடியோல எடுத்தது.”

“சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது.” அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். சிவப்புக் கட்டம் ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தது. ‘இந்த முகம் வாரியத்தின் சொத்து. அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது.’ “நீங்க சைன் பண்ணிக் குடுத்திருக்கீங்க. உங்க மூஞ்சிய நீங்க யூஸ் பண்ணணும்னா ஒன்பதாம் ரூம்ல பர்மிஷன் வாங்கணும். அது ஏழு டெஸ்க் போகும். இல்லேன்னா… வேற முகம்தான் அங்கிள்.”

“வேற மூஞ்சிக்கு நான் எங்க தாயி போவேன்?” என்றார் பூலோகம்.

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே வழி தெரியாமல் கேட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஏதோ புது மீம் கிடைக்கப் போகிறது என்று போனை எடுத்தார்கள்.

கோமதியம்மாள் அவரை முழங்கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, ரேஷன் கார்டுக்காக எடுத்து மிச்சமிருந்த தன் போட்டோ ஒன்றை மேஜையில் வைத்தாள். “இந்தா, இத ஒட்டு. எம் மூஞ்சிய நான் எவனுக்கும் எழுதிக் குடுக்கல.”

“ஆன்ட்டி, மனு அங்கிள் பேர்ல இருக்கு.”

“இருக்கட்டும். அந்த ரூம்ல நானும் இருவத்தாறு வருசமாத்தான் கெடக்கேன். கார்டுல குடும்பத் தலைவி யாருன்னு பாரு. ஒட்டு தாயி.”

மாலதி போட்டோவைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள், சர்க்குலர் கோப்பைப் புரட்டினாள். வெகு நேரம் புரட்டினாள். “படமும் பேரும் ஒரே ஆளா இருக்கணும்னு இதுல எங்கேயும் போடல ஆன்ட்டி,” என்று சொல்லிக்கொண்டே கோந்து பாட்டிலைத் திறந்தாள். பூலோகம் என்ற பெயருக்குப் பக்கத்தில் கோமதியம்மாள் வந்து உட்கார்ந்தாள். சிஸ்டம் எடுத்துக்கொண்டது. மாலதி ஓங்கி ஒரு முத்திரை வைத்து ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

பூலோகம் ரசீதை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. “தாயி, இனிமயாவது எங்களுக்கு வீடு கெடைக்குமா?”

மாலதி இடமும் வலமும் பார்த்தாள். பிறகு கவுன்டர் கம்பிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள்.

“தெரியாது அங்கிள்,” என்றாள். “சத்தியமா எனக்குத் தெரியாது.”

மூன்று மாதத்தில் அந்தக் கட்டிடத்தில் ஒருவர் அவருக்கு நேராகச் சொன்ன முதல் பதில் அது. பூலோகம் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “ரொம்ப சந்தோசம் தாயி. நீ நல்லா இருக்கணும்,” என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு, கோமதியம்மாளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார்.